கட்டுரையை அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்த்தோம்

ஆய்வுக் கட்டுரை இதழுக்குப் போன பிறகு, கட்டுரையாளர் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்க முடியுமா? முடியும். பெங்களூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படிச் சேர்த்தோம்.

பெல்லந்தூர் ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பற்றிய கட்டுரை அது. தருமபுரியிலிருந்து வந்து புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்த தம்பிதான் அளவெடுத்தான். "அக்கா, பத்து மணிக்குப் போனா வெயில்ல பாசி ஆக்சிஜன் விட்டிருக்கும், ரீடிங் ஏறித்தான் காட்டும். விடியறதுக்கு முன்னாடி பார்க்கணும்" என்று சொன்னவனும் அவனே. சொன்னதோடு நிற்காமல், இருட்டில் டார்ச்சும் மீட்டருமாகக் கிளம்பிப் போவான். இதழுக்காகக் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பிட்டுப் பாராட்டியது அந்த விடியற்கால அளவீட்டைத்தான். அவன் பெயரோ நன்றியுரையில் இருந்தது. புராஜெக்ட் ஆட்களுக்கு அதுதான் வழக்கம்.

அவனையும் கட்டுரையாளராகச் சேர்க்கலாமா என்று எங்கள் ஆய்வுக்கூடத்துச் சாரிடம் பேசினேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். இன்னொருவர், "சம்பளத்துக்குச் செய்த வேலைதானே?" என்றார். நாங்கள் எல்லோருமே சம்பளமோ ஃபெலோஷிப்போ வாங்கிக்கொண்டுதான் செய்தோம்.

பல துறை இதழ்களும் பின்பற்றுகிற ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு) விதிகளில், கட்டுரையாளர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. முதலாவது பொருந்துகிறவருக்கு எழுதவோ திருத்தவோ, இறுதி ஒப்புதல் தரவோ வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. வாய்ப்பே தராமல் 'நீ எழுதவில்லையே' என்று ஒதுக்குவது முறையல்ல. வரைவை அவனிடம் கொடுத்தோம். செய்முறைப் பகுதியில் மீட்டரை அளவுதிருத்தம் செய்த விதத்தை அவன்தான் சரியாக எழுதித் தந்தான்.

திருத்திய பிரதியோடு, காரணம் சொல்லி இதழாசிரியருக்குக் கடிதம் அனுப்பினோம். படிவம் ஒன்று வந்தது. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரும், அவனும், தனித்தனியாக எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். அந்தப் பஞ்சாயத்தை இதழ் தீர்க்காது, நாமோ நிறுவனமோதான் தீர்க்க வேண்டும். அதனால் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். இதையே வெளியான பிறகு செய்தால் திருத்த அறிவிப்பு போட வேண்டியிருக்கும். யார் என்ன செய்தார் என்று பங்களிப்பைச் சொல்லும் கிரெடிட் (CRediT) பட்டியலின் 14 பணிகளில் அவனுக்கு இரண்டு எழுதினோம்: ஆய்வுமுறை, களஆய்வு.

படிவத்தில் கடைசிப் பெயர் கேட்பார்கள். நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அப்பா பெயரைப் போட்டால் மேற்கோள்களிலும் அப்பா பெயர்தான் வரும். தம்பி தன் பெயரையே கடைசிப் பெயராகப் போட்டான், ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண்ணும் வாங்கிக்கொண்டான், அது இலவசம். வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கும் ப்ரூஃப் வந்தபோது இனிஷியல் இடம் மாறியிருந்தது. அன்றே திருத்தி அனுப்பினோம்.