உடல் வராத வாசல்

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம். கிராமத்துத் தேவாலயம் ஒன்றின் ஐந்தாண்டு ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேவாலயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்கே 1955-லிருந்து விதி. கோபுரம், கூரை, மழைநீர்க் குழாய் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக வெளிவாசலுக்கு வந்தேன். ஓக் மரத்தூண்கள், மேலே ஓட்டுக்கூரை, பக்கச்சுவரில் கல்லில் 11 பெயர்கள், கீழே 1914–1919.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது எனக்குத் தெரியாதா என்ன? 'ஆண்டு பிழை, திருத்த வேண்டும்' என்று எழுதிவிட்டேன். எழுபதைத் தாண்டிய தேவாலய வார்டன் (தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊர்ப் பொறுப்பாளர்) அதைப் படித்துச் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதல் சங்கடம். 1918 நவம்பர் 11 அன்று நடந்தது போர்நிறுத்தம்தான், போரை முறைப்படி முடித்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல், ஊர்க்காரர்கள் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

அப்புறம் வாசலைப் பற்றியும் அவரே சொன்னார். இதற்கு லிச்கேட் என்று பெயர், 'லிச்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். பாதிரியார் வந்து எதிர்கொள்ளும்வரை, தூக்கி வந்தவர்கள் மழையில் நனையாமல் பெட்டியை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி, அவ்வளவுதான். ஆனால் போரில் இறந்த இந்த 11 பேரில் ஒருவர்கூட இதன் வழியாக வரவில்லை. 1915 ஏப்ரலில் பிரான்சில் இறந்த, முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனுடைய உடலை வேல்ஸில் ஹவார்டனுக்குக் கொண்டுவர முடிந்தது. செல்வாக்கு இருந்தால் ஒரு நியாயம், இல்லாவிட்டால் ஒரு நியாயமா என்ற கேள்வி வந்தது. அதன்பின் யாருடைய உடலும் வரக்கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள். போர்க் கல்லறை ஆணையமும் அதே கொள்கையில் உறுதியாக நின்றது, அதிகாரியோ சிப்பாயோ எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். அது நியாயம்தான், ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போய் நிற்க ஒரு குழிகூட இல்லை. அதனால் அவர்கள் நினைவாக ஊர்க்காரர்கள் தாங்களே காசு திரட்டி இந்த வாசலைக் கட்டியிருக்கிறார்கள். தூண் எழுப்பியிருக்கலாம், சிலுவை நட்டிருக்கலாம், சவப்பெட்டி காத்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரோ தெரியாது, அந்த ஆளை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வேலை என்னவோ சின்னதுதான். இடையில் யாரோ இரும்பு ஆணி அடித்திருக்க, ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதை அரித்துக் கறுப்புக் கறையாக இறக்கியிருந்தது. ஆணியைப் பிடுங்கி மரமுளை அடித்தோம், உதிர்ந்த மூன்று ஈய எழுத்துகளைப் பதித்தோம், கல்லைத் தேய்க்கவே இல்லை. திருத்திய அறிக்கையில் ஆண்டு பற்றிய வரியை எடுத்துவிட்டு ஆணிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன்.