வெள்ளையின் மேல் வெள்ளை

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம் ஐந்து நாட்களாக என் மேசை மேலேயே இருக்கிறது. மொட்டைமாடியில் விரித்த வெள்ளை வேட்டியில் கூழ் வடகம் காய்கிறது; படத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் வேட்டியின் வெள்ளை வேறு, வடகத்தின் வெள்ளை வேறு, பின்னால் சுண்ணாம்பு பூசிய கைப்பிடிச் சுவரின் வெள்ளை வேறு என்பது எட்டு அங்குலச் சதுரத் தாளில் அத்தனை தெளிவாகத் தெரிகிறது. அச்சில் பிழிந்தபோது வடகத்தின் மேல் விழுந்த வரிகளை எண்ணிவிடலாம். கூழின் ஈரம் துணியில் ஊறிய இடங்கள் மட்டும் மெல்லிய சாம்பல் நிறத்தில் வட்டமிட்டிருக்கின்றன.

இதே படத்தை ஒரு மாதத்துக்கு முன் அவர் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அந்தச் சிறு திரையில் மூன்று வெள்ளையும் ஒன்றாகி, வெறும் வெயிலாகத்தான் எனக்குத் தெரிந்தது. 'அழகு' என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டு மறந்துபோனேன். அது இப்போது உறுத்துகிறது.

அவருடைய கேமரா யாஷிகா மேட் 124ஜி; 1929இல் வெளிவந்த ரோலைஃபிளெக்ஸின் வழியில் வந்த இரட்டை லென்ஸ் கேமரா. அதில் போடும் 120 என்ற அகலமான ஃபிலிம் சுருளில் 12 படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் சதுரம் என்பதால், 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு சட்டகத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு அதில் இருக்கிறது. எட்டு அங்குலப் படத்துக்கு இதை நான்கு மடங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கினால் போதும். சிறிய ஃபிலிமிலிருந்து அதே சதுரத்தை எடுக்க எட்டு மடங்குக்கு மேல் போக வேண்டும், அப்போது ஃபிலிமில் படத்தை உருவாக்கும் வெள்ளிக் குருணைகளும் சேர்ந்து பெரிதாகி, ஈரக் கறை போன்ற மென்மையான சாம்பல் நிறங்களைப் பொரிப்பொரியாக்கிவிடும்.

நெகட்டிவ் பெரிதாக இருந்தால் மட்டும் இந்தப் படம் வந்துவிடாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே ஒளியை அளக்கும் லைட் மீட்டர் எடுத்துக்கொள்ளும். அது சொன்னபடி எடுத்திருந்தால் வேட்டி அழுக்கேறியதுபோல் விழுந்திருக்கும். நண்பர் மீட்டர் காட்டியதைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்திருக்கிறார்; ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும். பிறகு எஃப்பி4 ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவும்போது, அட்டவணை சொல்லும் 11 நிமிடத்தை 9 ஆகக் குறைத்திருக்கிறார். நேரம் கூடக் கூட வெளிச்சமான பகுதிகள்தான் நெகட்டிவில் அதிகமாகக் கறுத்து இறுகும். இறுகிவிட்டால் வடகத்தின் வரிகள் தாளில் வராமலே போய்விடும். அந்த அட்டவணையோ 20 டிகிரிக்கு எழுதப்பட்டது. மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வருகிறது. ஐஸ் கட்டிகள் மிதக்கும் வாளிக்குள் ஃபிலிம் கழுவும் டேங்கை நிறுத்தி, வெப்பமானியிலிருந்து கண்ணெடுக்காமல் அவர் நின்றிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவன்தான்.

இந்தச் சதுரப் படங்கள் நமக்குப் புதியவை அல்ல. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III கேமராவும், உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமும் புழங்கிய காலத்தில், நெகட்டிவைத் தாளின் மேல் அப்படியே வைத்து எடுத்த சிறு சதுரப் படங்கள் பல வீட்டு ஆல்பங்களில் ஒட்டப்பட்டன. என் அம்மாவின் பாவாடை தாவணிக் காலம் முழுவதும் அந்த அளவில்தான் எங்களிடம் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டிய படங்கள் அவை. கைமாறிக் கைமாறி மூலைகள் மழுங்கியிருக்கின்றன.

சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ரோலைஃபிளெக்ஸும் கையுமாகத் தெருக்களில் நடந்த விவியன் மையரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவர் அவற்றை ஏறக்குறைய யாருக்கும் காட்டவில்லை. பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் அந்தப் படங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 2009இல் அவர் காலமானார். அவரிடம் யாராவது ஒருவர் ஒரே ஒரு படத்தையாவது வாங்கிப் பார்த்து, இந்த நிழல் எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம்.

ஆகவே நண்பருக்கு இம்முறை இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று வெள்ளைகளைப் பற்றியும் ஈரக் கறையைப் பற்றியும் எழுதிவிட்டு, சுவரின் நிழல் விழும் வலது கீழ் மூலை மொத்தமாக இருண்டுவிட்டதையும் மறைக்காமல் குறிப்பிட்டேன். நெகட்டிவில் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கும்; தாளில் ஒளி விழும்போது அந்த மூலையை மட்டும் சில நொடிகள் கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தோடு என்னுடைய படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். குளத்திலிருந்து கரையேறும் இரண்டு எருமைகள்: கறுப்பின் மேல் கறுப்பு. மீட்டர் சொன்னதைவிட ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்தேன். கேமராவின் மேல்கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால், அவை போகும் திசைக்கு எதிராகவே கேமராவைத் திருப்பிவிட்டேன். முன்னால் போன எருமையின் கொம்பு நுனி வெட்டுப்பட்டுவிட்டது. நனைந்த முதுகின் பளபளப்புக்கும் சேறு காய்ந்த விலாவுக்கும் இடையில் எத்தனை கறுப்பு தெரிகிறது என்று அவர் எண்ணிச் சொல்ல வேண்டும்.