ரீக் மலைக்கு ஒரு யாத்திரை

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், மேயோ மாவட்டத்தில் இருக்கிறது மரிஸ்க். கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம், அவ்வளவு சிறிய ஊர். அந்த ஊரின் தலைக்கு மேலேதான் குரோ பேட்ரிக் மலை, 764 மீட்டர் உயரத்தில் கூம்பாக நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'ரீக்'.

கி.பி. 441-இல், அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் இந்த உச்சியில் 40 நாள் நோன்பிருந்து ஜெபித்தார் என்பது மரபு. அதற்கு முன்பே இங்கே அறுவடைக் கால வழிபாடு நடந்தது என்கிறார்கள். ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. கூட்டம் வேண்டாம் என்று நான் ஒரு சாதாரண வார நாளில் போனேன்.

பலரும் நேரே உச்சியைப் பார்த்து நடையைக் கட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இந்த மலையின் ஜெபம் சுற்றி வருவதில் இருக்கிறது. பேட்ரிக்கின் சீடர் பெனன் பெயரில் உச்சிக்குக் கீழே ஒரு கற்குவியல் உண்டு. கத்தோலிக்க ஜெபங்களான பரலோக மந்திரம் ஏழு, அருள்நிறை மந்திரம் ஏழு, விசுவாசப் பிரமாணம் ஒன்று சொல்லி அதை ஏழு முறை வலம் வரவேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் கையில் கூழாங்கற்களோடு சுற்றினார். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறும். உதடு மட்டும் அசைந்தது, யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோயில் பிராகாரத்தில் பார்த்துப் பழகிய அதே நடை. நானும் கற்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

அப்புறம்தான் உண்மையான ஏற்றம். உடைந்த வெள்ளைக் கற்களின் சரிவு. ஓரடி வைத்தால் அரையடி கீழே இழுக்கும். இங்கே ஊன்றுகோல் இல்லாமல் முடியாது. வழுக்கும் ஒவ்வொரு முறையும் வாயில் தானாகவே ஜெபம் வந்தது.

உச்சியில் 1905-இல் கட்டிய சிறிய வெள்ளைத் தேவாலயம். அதை 15 முறை சுற்றவேண்டும். பக்கத்திலேயே 'பேட்ரிக்கின் படுக்கை' என்ற இடம், அதற்கு ஏழு சுற்று. நான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேகம் விலகி, கீழே குளூ விரிகுடாவின் தீவுகள் தெரிந்தன. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தீவு என்பார்கள். மண்டியிட்டு நன்றி சொன்னேன், கேட்க வந்தது எதுவும் அப்போது நினைவில் இல்லை.

1980-களில் இந்த மலையில் தங்கம் இருப்பது தெரியவந்தது. ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், சுரங்கம் வரவில்லை. அந்தப் போராட்டமும் ஒரு வழிபாடுதான் என்று நினைக்கிறேன்.

இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். கடலோரத்தில் 1457-இல் அகுஸ்தீன் சபைத் துறவிகள் நிறுவிய மடம் கூரையில்லாமல் நிற்கிறது. அருகே, 1840-களில் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் தேசிய நினைவுச்சின்னம், சிற்பி ஜான் பீஹன் வெண்கலத்தில் செய்த கப்பல். பாய்மரக் கயிறுகளுக்குப் பதில் அதில் எலும்புக்கூடுகள். 1845-இல், ஏழைகளின் முக்கிய உணவான உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழுகத் தொடங்கியது. பசிக்குத் தப்பிக் கப்பலேறியவர்களில் பலர் கடலிலேயே இறந்தார்கள். மலையில் சொல்லாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு பரலோக மந்திரத்தை அவர்களுக்காக அங்கே சொன்னேன்.