மணல் எங்கே போச்சு?

எங்கள் வீட்டு நாய்க்கு மூன்று பெயர். சின்னவன் வைத்தது மிளகு. தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பது பிளாக்கி, ஏனென்றால் பெயர் என்ன என்று கேட்டபோது நாங்கள் நாலு பேரும் நாலு பெயர் சொல்ல, அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவராகவே ஒன்றைப் போட்டுக்கொண்டார். என் மாமியார் கூப்பிடுவது ‘டேய்’. இந்த மூன்றில் அவன் திரும்பிப் பார்ப்பது கடைசி ஒன்றுக்கு மட்டும்தான். சின்னவனுக்கு இதில் ரொம்ப வருத்தம்.

மார்கழியில் பக்கத்துக் காலிமனையில், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக்குப் பின்னால் ஒரு தெருநாய் ஆறு குட்டி போட்டது. பொங்கலுக்குள் நாலு போய்ச் சேர்ந்தது, ஒன்றை டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார், மிச்சமிருந்த ஒன்று ஒருநாள் விடியற்காலை எங்கள் வாசலுக்கு வந்து, அத்தை அப்போதுதான் போட்டு முடித்திருந்த கோலத்தை ஓரத்திலிருந்து நக்கித் தின்ன ஆரம்பித்தது. அத்தை பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவார். கல்மாவு பாக்கெட் வாங்கிக் கொடுத்தாலும் தொட மாட்டார், எறும்பு தின்னட்டும், புண்ணியம் என்பார். எறும்புக்குப் போட்டதை நாய் தின்றால் அந்தப் புண்ணியம் கணக்கில் வருமா வராதா என்று அவருக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும், விரட்டவில்லை. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் பால் வைத்துவிட்டு, “நான் ஒண்ணும் வளக்கலை, சும்மா வெச்சேன்” என்றார். இப்போதும் அதையேதான் சொல்கிறார்.

வீட்டுச் சட்டம் என்று சில உண்டு. வாசற்படி தாண்டி ஹாலில் பாதி வரை வரலாம், ஃப்ரிட்ஜ் தாண்டக் கூடாது. சாமி அறைப் பக்கம் மூச்சு விடக் கூடாது. மெத்தையில் ஏறக் கூடாது. இதில் மூன்றாவது சட்டத்தை உடைத்தது நாய் இல்லை, என் வீட்டுக்காரர். மத்தியானத் தூக்கத்தில் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கும், அந்தக் கைக்குக் கீழே அவன் படுத்திருப்பான், கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே தலையணையில் இருப்பார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாய் வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. திருச்சியில் நாங்கள் போகிற இடம் எதற்குமே நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், சமயபுரம் எல்லாம் கோயில். மிச்சம் ஹோட்டலும் சினிமாவும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட், தெப்பக்குளம் பக்கம் லீவு நாளில் மனுஷர்களுக்கே நடக்க இடம் கிடையாது. ஒரு தடவை அவனை வீட்டில் விட்டுவிட்டு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய் வந்தோம். எதிர்வீட்டு அக்கா மறுநாள் என்னிடம் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவு ஊளை.

அப்படித்தான் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தோம். கல்யாணமாகி பதினேழு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், காவிரியை வருடத்துக்கு ஒரு தடவை ஆடிப்பெருக்குக்குப் பார்ப்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பது. இப்போது வாராவாரம் ஞாயிறு விடியற்காலை கரூர் ரோட்டில் எங்கள் பழைய ஆம்னி கடகடவென்று போய்க்கொண்டிருக்கிறது. குடமுருட்டிப் பாலம், கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அப்புறம் இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. நடுவில் எங்கேயோ ரோட்டிலிருந்து இறங்கினால் ஒரு சின்ன படித்துறை. இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே அங்கே துணி துவைக்க வருகிறவர்களுக்கு நாங்கள் ஒரு தொந்தரவு.

முதல் நாள் பயணம் குடமுருட்டி தாண்டவில்லை. வயிறு முட்டப் பால் சாதம் கொடுத்து ஏற்றியிருந்தோம், மொத்தத்தையும் பின்சீட்டில் கக்கிவிட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மகள் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவினாள். குட்டி நாய்களுக்கு வண்டி ஆட்டம் ஒத்துக்கொள்ளாது, கிளம்ப மூன்று மணி நேரம் முன்னாலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று கால்நடை டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து பின்சீட்டில் அத்தையின் பழைய சுங்குடிப் புடவை நாலாக மடித்து விரித்திருக்கும், அவன் வெறும் வயிற்றோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வருவான், ஒரு பிரச்சினையும் இல்லை.

சாப்பாடு அத்தை டிபார்ட்மெண்ட். சனிக்கிழமை ராத்திரியே புளிக்காய்ச்சல் கொதிக்கும், வீடு முழுக்க வெந்தயமும் பெருங்காயமும் மணக்கும். விடியற்காலை நாலரைக்கு சாதம் வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்து, பாதி புளியோதரை, பாதி எலுமிச்சை. தயிர் சாதம் மட்டும் பாலை ஊற்றிப் பிசைந்து, அதன் தலையில் ஒரு ஸ்பூன் தயிர் விடுவார், வெயில் ஏறினாலும் புளிக்காது. அதிலிருந்து தாளிப்பதற்கு முன்னாலேயே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா நிரம்பிவிடும். காரம் கிடையாது, வெங்காயம் படவே கூடாது. நாய்க்கு வெங்காயம் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அத்தை இதில் ரொம்பக் கறார். எங்களுக்கு எது ஆகாது என்று இவ்வளவு அக்கறையாக அவர் எப்போதும் விசாரித்ததில்லை.

நாங்கள் போக ஆரம்பித்தது பிப்ரவரி கடைசியில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள், ஜூன் 12-ஆம் தேதிதான் திறப்பார்கள். அதனால் அந்த மூன்றரை மாதமும் நாங்கள் பார்த்தது மணல்தான். இந்தக் கரையில் நின்றால் எதிர்க்கரைத் தென்னை மரம் எறும்பு மாதிரி தெரியும், நடுவில் முழுக்க மணல், அங்கங்கே நாணல், ஓரமாகக் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு ஓடை. கயிற்றை அவிழ்த்ததும் அவன் ஓடுவான் பாருங்கள். இலக்கு ஒன்றும் கிடையாது. வட்டமாக, எட்டுப் போட்டு, காது இரண்டும் பின்னால் படிய, மணலைப் பீய்ச்சியடித்துக்கொண்டு. ஒன்பது மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும். புறங்கையை மணலில் வைத்து ஐந்து எண்ணிப் பார்ப்பேன், எனக்குத் தாங்கவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் தாங்காது, உடனே கிளம்பிவிடுவோம். பிள்ளைகளைத் தூரப் போக விடமாட்டோம், மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கிறதென்று தெரியாது. மேலே பார்த்தால் சமதரை மாதிரி இருக்கும்.

ஆக அவனுக்கு ஆறு என்றால் மணல். பிறந்ததிலிருந்து அவன் வேறு ஆற்றைப் பார்த்ததில்லை.

ஜூனில் தண்ணீர் திறந்தார்கள். நடுவில் ஒரு ஞாயிறு சொந்தத்தில் ஒரு காதுகுத்து, போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் போனோம். வண்டி நின்றதும் கதவைத் திறந்தேன், வழக்கம்போல் அம்பு மாதிரி படியில் இறங்கினான், எட்டாவது படியில் சடன் பிரேக். மீதிப் படி எல்லாம் தண்ணீருக்குள்ளே. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே செம்மண் நிறத் தண்ணீர், சத்தமே போடாமல், ஆனால் கண்ணால் பார்த்தால் தலை சுற்றுகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். மோந்து பார்த்தான். திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு இரண்டு படி மேலே ஏறி வந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான், மணலை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள், பக்கத்தில் எங்கேயாவது இருக்கும் என்கிற மாதிரி. கடைசியில் ஆற்றைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தான். ஐந்து நிமிஷம் விடாமல். துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “என்னடா, யாரு வந்துட்டாங்கன்னு இப்படிக் கொலைக்கிற?” என்று கேட்டார்.

சின்னவன்தான் சொன்னான், “அம்மா, அவன் மணல் எங்க போச்சுன்னு கேக்குறான்.”

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேட்டூர், ஷட்டர், குறுவை சாகுபடி, தஞ்சாவூர் வரைக்கும் போகணும் என்று ஏதோ சொன்னேன். சின்னவன் அதை அப்படியே நாய் காதில் ஓதினான்.

அன்றைக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். ஒரு வெள்ளைக் கொக்கு கீழ்ப்படி ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. மணலில் கொக்கு துரத்தி அவனுக்குப் பழக்கம், ஒரே தாவு. கொக்கு போய்விட்டது, காலுக்கடியில் தரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் தரை இல்லை, தலை முழுகி, மேலே வந்து, முகம் முழுக்க கண்ணாகத் தெரிந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. இவர் பேண்ட்டோடு மூன்று படி இறங்குவதற்குள் அவன் பத்தடி தள்ளிப் போய்விட்டான். நல்லவேளை, அங்கே ஒரு புங்கமர வேர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது, அதில் முன்னங்காலைப் போட்டுத் தொங்கியவனைத் துவைக்கிற அம்மாவின் மகன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி சோப்பு போடப் போய்விட்டான். நான் நன்றி சொல்வதற்குள் நாய் நேராக அத்தையிடம் ஓடிவந்து, விரித்து வைத்த இலைகளுக்கு நடுவில் நின்று, தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. புளியோதரையெல்லாம் காவிரித் தீர்த்தம்.

அத்தை திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, “பயந்துட்டாண்டா பாவம்” என்றார். எங்களுக்கு இலையைத் தள்ளி, “சாப்பிடுங்க, கங்கையில் புனிதமாய காவிரி” என்றார். சாப்பிட்டோம். மகள் மட்டும் சிப்ஸோடு நிறுத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் கயிறு இல்லாமல் அவனை விடுவதில்லை, பிள்ளைகளுக்கும் மேல் மூன்று படிதான் எல்லை. ஓட இடமில்லாததால் வண்டியை இன்னும் கொஞ்ச தூரம் விட்டு முக்கொம்பு வரை போய்த் திரும்புகிறோம். அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒன்று கொள்ளிடமாகப் போகிறது. பாலம் கண்ணில் பட்டதும் இவர் ஆரம்பித்துவிடுவார், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்ட ஆரம்பித்தது, 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பக்கம் 45 ஷட்டரில் 9 ஷட்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மறுநாள் நான் நேரில் வந்து பார்த்தேன் என்று. ஒன்பது என்று அவர் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளும் “ஒன்பது!” என்று கத்துவார்கள், நாயும் சேர்ந்து ஒரு குரை. புதிதாகக் கட்டிய கதவணையைப் பார்த்துக்கொண்டு காபி குடித்துவிட்டுத் திரும்புவோம்.

திரும்பும் வழியில் உறையூர் காசிவிளங்கி மார்க்கெட்டில் மீன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சொல்லவே வேண்டாம், இவர் மட்டும் இறங்கிப் போவார். வீட்டுக் காம்பவுண்டு சுவரில் ஒரு சாம்பல் பூனை காத்திருக்கும். அது எங்கள் பூனை இல்லை, ஆனால் ஞாயிறு பதினோரு மணிக்கு மட்டும் எங்கள் பூனை. தலையும் குடலும் அதற்கு. ஃப்ரிட்ஜ் வரைக்கும் மட்டும் வர அனுமதியுள்ளவர் அங்கே படுத்துக்கொண்டு, சமையல்கட்டுப் பின்வாசலில் பூனை தின்பதைப் பார்த்துப் பொருமுவார்.

சாயங்காலம் உண்ணி பார்க்கிற வேலை. ஆற்றங்கரைப் புல்லில் நிறைய ஒட்டிக்கொண்டு வருகிறது. கழுத்தில் விடுகிற மருந்து விட்டிருந்தாலும் நான் பார்க்காமல் விடுவதில்லை. அவனை மல்லாக்கப் படுக்க வைத்து விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்தால் ஈர மணல், அதற்கு அடியில் பச்சைப்பயறு மாதிரி ஒன்று. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகினால் தலை உள்ளேயே நின்றுவிடும். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய்க்குப் பதில் இப்போது சோப்புத் தண்ணீர். ரேஷனில் எப்போதோ வாங்கிய மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. காது மடலுக்குள் பார்க்கும்போது மட்டும் உறுமுவான், அப்போது அத்தை “டேய்” என்பார், அடங்கிவிடுவான்.

ஆடிப் பதினெட்டுக்கும் அதே படித்துறைக்குத்தான் போனோம். அம்மா மண்டபத்தில் நிற்க இடமிருக்காது. மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, பூ, காப்பரிசி வைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, விளக்கேற்றி ஆற்றில் விட்டோம். வெல்லம் போட்ட காப்பரிசியை அவனுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை கையிலிருந்து ஒரு பிடி போய்விட்டது. இப்போது அவன் தண்ணீரைப் பார்த்துக் குரைப்பதில்லை. ஆனால் இறங்கும்போது எட்டாவது படியில் ஒரு நொடி நின்று, வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

“தை மாசம் முடியட்டும்டா,” என்றார் அத்தை, அவன் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி. “உன் மணலு எங்கயும் போவலை. அடியிலதான் கெடக்கு.”

அவன் தலையைச் சாய்த்து ரொம்ப அக்கறையாகக் கேட்டான். அத்தை மடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.