கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இல்லை: எங்கள் சொராரிட்டி வீட்டுக் கூரைக்காக அலைந்த கதை

சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கம். அதன் வீட்டை நிர்வகிக்கும் எங்கள் ஹவுஸ் கார்ப்பரேஷனின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை போன வாரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. கூரை கான்ட்ராக்டருக்கு முன்பணக் காசோலையை அன்று மாலையே எழுதிக் கொடுத்தோம். அதற்குள் ஒரு குளிர்காலமே ஓடிவிட்டது. இத்தனைக்கும் பணத்துக்குக் குறைவில்லை, எடுக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வீடு அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஒரு பல்கலைக்கழக ஊரில் இருக்கிறது. படிக்கும்போது நான் வாழ்ந்த வீடு. பல்கலைக்கழகத்துக்கும் அது சொந்தமில்லை, சொராரிட்டியின் தேசியத் தலைமையகத்துக்கும் சொந்தமில்லை. பழைய மாணவிகள் நடத்தும் லாபநோக்கற்ற கார்ப்பரேஷன் ஒன்றின் பெயரில்தான் பத்திரம் இருக்கிறது. மாணவிகள் தரும் வாடகையில் காப்பீடு, பாய்லர், பழுதுபார்ப்பு எல்லாம் நடக்கும். குழுவில் இருக்கும் எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. 1886இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் ஆல்ஃபா ஃபை என்ற சொராரிட்டியின் பெண்கள் தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் தாங்களே ஒரு சொத்தை வைத்து நடத்துவது அரிதாக இருந்த காலம் அது. அந்த வழியில் வந்த ஒரு வீடு நான்கு காகிதம் இல்லாததால் கைவிட்டுப் போகக்கூடாது என்ற வேகம்தான் என்னை விடாமல் அலைய வைத்தது.

எங்கள் பொருளாளர் எண்பதைத் தாண்டியவர். பல பத்தாண்டுகள் கணக்கைத் தனியாளாகப் பார்த்தவர், ஒரு காசு பிசகியதில்லை. அவர் காலமானார். இன்னொரு கையெழுத்துக்காரர் அதற்கு முன்பே ஊர் மாறித் தொடர்பில்லாமல் போயிருந்தார். காப்பீட்டுத் தவணையும் மின்கட்டணமும் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. ஜனவரியில் மூன்றாம் மாடி கோல்ட் டார்ம் ஒழுக ஆரம்பித்தபோதுதான் காசோலை எழுத வேண்டிவந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் பெண்கள் தனித்தனி அறைகளில் படிப்பார்கள், தூங்குவது மட்டும் ஜன்னல் திறந்த ஒரே பெரிய கூடத்தில், அடுக்குக் கட்டில்களில். அந்தக் கட்டில்களுக்கு நடுவே வாளி வைத்துக்கொண்டு பிள்ளைகள் தூங்கினார்கள்.

புதுப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். இறந்தவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். துக்கத்தில் இருந்த மகனிடம் கேட்டு வாங்கிவந்தோம். அடுத்த முறை இருந்தவர் வேறு ஆள். சான்றிதழைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கார்ப்பரேஷனின் வரி எண்ணுக்கான ஐஆர்எஸ் (மத்திய அரசின் வரித்துறை) கடிதம் எங்கே என்றார். கூடவே கணினியைத் திருப்பிக் காட்டினார். மாநிலப் பதிவேட்டில் எங்கள் கார்ப்பரேஷன் ‘கலைக்கப்பட்டது’ என்று இருந்தது. "இல்லாத நிறுவனத்துக்கு நான் எப்படிக் கையெழுத்து மாற்ற முடியும்?" என்றார். இதை முதல் நாளே பார்த்துச் சொல்ல அவர்களுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

காலமுறை அறிக்கை தாக்கல் ஆகாததால் கலைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதங்கள் ரெஜிஸ்டர்ட் ஏஜென்டின் (நிறுவனத்தின் சார்பில் அரசுக் கடிதங்களை வாங்கப் பதிவானவரின்) முகவரிக்கு ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன. அந்த ஏஜென்ட் எங்கள் பழைய மாணவி ஒருவர், அந்த முகவரியில் இருந்த தன் வீட்டை எப்போதோ விற்றுவிட்டுப் போனவர்.

உங்கள் சாப்டருக்கு (சொராரிட்டியின் உள்ளூர்க் கிளைக்கு) ஹவுஸ் கார்ப்பரேஷன் இருந்தால் இன்றே மாநிலத்தின் நிறுவனப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். இலவசம்தான். ஏஜென்டாக தனிநபரைப் போடாதீர்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்பவர்களைப் போடுங்கள். ஐஆர்எஸ் தளத்திலும் தேடுங்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு தொடர்ந்து மூன்று ஆண்டு 990 வரிசை ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் விலக்கு தானாக ரத்தாகிவிடும். நல்லவேளையாக எங்கள் ஆடிட்டர் அதை விடாமல் செய்திருந்தார்.

கலைக்கப்பட்ட கார்ப்பரேஷனை மீட்க என்ன வழி என்று கேட்க, நிறுவனங்களைப் பதியும் மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சொன்ன படிவத்தை நிரப்பிக் கட்டணத்தோடு அனுப்பினோம். திரும்பி வந்தது. அது வணிக நிறுவனங்களுக்கான படிவமாம். சரியான படிவத்தை எடுத்தால், மாநில வரித்துறையில் பாக்கி இல்லை என்ற சான்று இணைக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்பவர் பதிவேட்டில் பெயர் உள்ள பொறுப்பாளராக இருக்க வேண்டும். பதிவேட்டில் இருந்த பெயர்களோ காலமானவர்களும் காணாமல் போனவர்களும். பெயரை மாற்றலாம் என்றால், கலைக்கப்பட்ட நிறுவனம் அறிக்கை தாக்கல் செய்ய முடியாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

ஐஆர்எஸ் கடிதத்திலும் இதே முடிச்சு. வரி எண் தரும்போது அனுப்பும் மூலக் கடிதம் ஒருமுறைதான் வரும். எங்களுடையது எந்தப் பரணில் போனதோ. அதற்குப் பதில் 147சி என்ற உறுதிக் கடிதம் கேட்டு வாங்கலாம், ஆனால் அமைப்பின் சார்பில் பேச அதிகாரம் உள்ளவர்தான் கேட்க முடியும். அவர்கள் கோப்பில் இருந்ததோ எங்கள் பொருளாளரின் பெயர். அதனால் முதலில் 8822-பி படிவம். பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் இதை அனுப்ப வேண்டும் என்பது விதி. தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழுவில் யார் மாறினாலும் உடனே இதை அனுப்பிவிடுங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கவே வைக்காதீர்கள்.

முடிச்சை அவிழ்த்தவரும் அதே மாநில அலுவலகத்தில் இருந்த ஒரு மூத்த அம்மாதான். நேரில் போனபோது பொறுமையாக முழுதும் கேட்டார். விடுபட்ட அறிக்கைகளைப் புதுப் பொறுப்பாளர்கள் பெயரோடு நிரப்பி, மீட்பு விண்ணப்பத்தோடு ஒரே உறையில் வைக்கலாம் என்றார். வரித்துறைச் சான்றுக்குத் தேர்தல் தீர்மானத்தை நோட்டரி கையெழுத்தோடு இணைத்தால் போதுமாம். இதை எந்தப் படிவத்திலும் எழுதி வைக்கவில்லை. போகும்போது எங்கள் கார்ப்பரேஷனின் ஆதி அமைப்புப் பத்திரத்தையும் தேடி எடுத்துச் சான்றிட்ட நகல் தந்தார். அதில் கையெழுத்திட்டிருந்த பெண்களின் பெயர்களைப் படித்தபோது அங்கேயே கண் கலங்கிவிட்டது. அதன்பின் மாநிலச் சான்று வந்தது, 147சி வந்தது. வங்கியில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இடையில் தார்ப்பாய்க்காகப் பழைய மாணவிகளிடம் நன்கொடை கேட்டோம். மனமுவந்து கொடுத்தார்கள், கையோடு வரிவிலக்கு ரசீதும் கேட்டார்கள். இங்கே கவனம் தேவை. எங்களைப் போன்ற கார்ப்பரேஷன்கள் பெரும்பாலும் வரிச்சட்டத்தின் 501(சி)(7) வகை, அதாவது உறுப்பினர்களுக்கான சங்கம். அதற்குக் கொடுப்பதைக் கொடுப்பவர் வருமான வரியில் கழிக்க முடியாது. 501(சி)(3) என்ற தொண்டு வகை அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கழிக்கலாம், ஆனால் அந்தப் பணம் படிப்பறை மாதிரிக் கல்வி சார்ந்த வேலைக்குத்தான் போக முடியும். கூரைக்கு அதை நம்பாதீர்கள். ரசீதில் எழுதும் வாசகத்தை ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

கோடையில் அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 501(சி)(7)இல் அதற்கும் வரம்பு உண்டு. உறுப்பினர் அல்லாதவர்கள் இடத்தைப் பயன்படுத்தித் தரும் வருமானம் மொத்த வரவில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதலீட்டு வருமானத்தையும் சேர்த்து வெளிவரவு 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். யோசனையை ஓரம் வைத்தோம்.

எனக்கு மிகவும் வலித்தது வேறு ஒன்று. அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங்குக்கு வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள். மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழுவுக்கு ஆள் வேண்டும் என்றால் "நான் தூரத்தில் இருக்கிறேனே" என்பார்கள். தூரம் ஒரு தடையே இல்லை. எங்கள் புதுப் பொருளாளர் சமீபத்தில் படிப்பு முடித்த பெண், வேறொரு கடற்கரை மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். கணக்கு முழுவதையும் அங்கிருந்தே பார்க்கிறாள், கூட்டத்துக்கு வீடியோவில் வருகிறாள். சாவியும் கண்ணும் வேண்டிய வேலைகளுக்கு மட்டும் உள்ளூரில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஸ்பிரிங்க்ளர் சோதனைக்காரர் வரும்போது கூட நிற்பது, அறிக்கையைக் காப்பீட்டுக்காரருக்கு அனுப்புவது, வீட்டின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் ஹவுஸ் டைரக்டரோடு மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது, இவ்வளவுதான். வங்கியில் இப்போது மூன்று கையெழுத்து வைத்திருக்கிறோம், மூவரும் வெவ்வேறு வயதுக்காரர்கள். பத்திரம், வரிக் கடிதம், சான்றுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குழு முழுவதும் பார்க்கும் இடத்தில் போட்டாயிற்று.

கூரை வேலை மே மாதப் பட்டமளிப்பு முடிந்ததும் தொடங்குகிறது. பழைய வீட்டில் மேலே பிரித்தால்தான் அடிப்பலகை எவ்வளவு உளுத்திருக்கிறது என்று தெரியும். அதனால் மாற்றும் பலகைக்கு ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் லியன் வேய்வரில் (வீட்டின் மேல் பாக்கிக்காக உரிமை கோரமாட்டோம் என்ற பத்திரத்தில்) கான்ட்ராக்டர் கையெழுத்தோடு அவருடைய சப்ளையர் கையெழுத்தையும் வாங்குங்கள். கான்ட்ராக்டர் தன் சப்ளையருக்குப் பாக்கி வைத்தால் அந்தப் பாக்கி வீட்டின் மேல் உரிமைக் கோரிக்கையாக வந்து நிற்கும்.