தனிக் கனூப் பயணம்: ஓய்வுக்கு முன் படிக்க வேண்டியவை

ஓய்வு பெற்றதும், துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகான கனூ ஒன்றை வாங்கி, அல்கோன்குயின் மாகாணப் பூங்காவின் ஏரிகளூடாக வாரக்கணக்கில் தனியே போய்வர வேண்டும் என்ற ஆசை, கனடாவின் ஒன்ராறியோவில் அலுவலகக் கதிரையிலேயே ஆயுளைக் கழித்த பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. 1893இல் உருவான அப்பூங்காவில் 2,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கனூ வழிகள் இருப்பதால், ஆசைக்கு இடம் போதாமல் போவதில்லை. இயந்திரம் பூட்டாத கனூவுக்குச் சட்டப்படி எந்தச் சான்றிதழும் தேவையில்லை என்றபோதிலும், வேலையில் இருந்த காலத்திலேயே பாடநெறிகளைப் படித்துப் பரீட்சைகளுக்குத் தோற்றியவன் என்ற முறையில், பின்னால் வருவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இருவர் செலுத்தும் பாடத்தோடு நின்றுவிடாதீர்கள். பாடில் கனடா அமைப்பின் ஏரிக் கனூப் பயிற்சியில் தனியாகச் செலுத்துவதற்கென்று வேறாகப் பாடம் உண்டு. நமக்கு வேண்டியது அதுதான். கனூவின் நடுப்பகுதியையொட்டி முழங்காலிட்டு, ஒரே பக்கத்தில் துடுப்பு வலித்தபடி நேராகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் துடுப்பை வலித்து முடிக்கும் தறுவாயில், மேற்கையின் பெருவிரல் கீழ்நோக்கும்படி துடுப்பைத் திருப்பி, அதன் அலகை வெளிப்புறமாகச் சற்றுத் தள்ளினால்தான் அணியம், அதாவது கனூவின் முன்முனை, மறுபக்கம் ஓடாது. இதை ஜே ஸ்ட்ரோக் என்பார்கள். பயிற்றுநர் இதில் நம் வேகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறார். அறுபதை நெருங்கும் முழங்கால்களுக்குத் தடித்த மெத்தைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது காற்று. பாரம் கூடிய முனை காற்றை நோக்கியே நிற்க முனையும் என்பதால், எதிர்காற்றில் பொதியை முன்னுக்கும், பின்காற்றில் பின்னுக்கும் நகர்த்த வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அகன்ற ஏரியின் நடுவில், பொதியைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து அதைச் செய்துபார்த்தவருக்கே அது கைவரும்.

எல்லாவற்றிலும் கூடுதல் நேரத்தைக் கவிழ்ந்தபின் மீளும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 விதியை எந்த வகுப்பிலும் கேட்பார்கள்: குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொற்கேட்கும் காலம் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய 1 மணித்தியாலம். உதவிக்கு இன்னொரு கனூ இல்லாதவர் ஆழத்தில் தன் கனூவை நிமிர்த்தி, நீரை வெளியேற்றி, மீண்டும் ஏறுவது இளைஞருக்கே கடினமானது. ஆகவே உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமலும் கரையோரத்தை விடாமலும் செல்வதே தனிப்பயணியின் பாடத்தில் பெரும்பகுதி. துடுப்பில் கைதேர்ந்த ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் தனியே சென்று உயிரிழந்தது, இதே அல்கோன்குயினின் கனூ ஏரியில்தான்.

வரைபடப் பாடத்தில் கணக்கு எளிது, ஆனால் உடம்புக்குச் சொந்தமான கணக்கு. கனூவையும் பொதியையும் ஒரே நடையில் சுமக்க முடியாதவர், ஏரிகளுக்கிடையே கனூவைச் சுமந்து நடக்கும் 1,000 மீற்றர் சுமைப்பாதையில் இரண்டு தடவை சுமந்து ஒரு தடவை வெறுங்கையோடு திரும்புவதால் 3,000 மீற்றர் நடக்கிறார். நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு இதைச் சேர்த்தே விடை எழுதுங்கள்.

முதலுதவிக்கு, 16 முதல் 20 மணித்தியாலம் வரையிலான வனப்பகுதிப் பாடநெறி வாரஇறுதிப் பயணத்துக்குப் போதும். வாரக்கணக்கில் போக நினைப்பவர் ஏறத்தாழ 80 மணித்தியாலப் பாடநெறியையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே நடிப்பு நோயாளியை வைத்துப் பரீட்சிப்பார்கள். நமக்கோ நோயாளியும் நாமே, வைத்தியரும் நாமே. ஆதலால் ஒற்றைக் கையால் மறுகைக்குத் தூக்குக்கட்டுப் போடுவதை வீட்டில் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூங்காவின் உட்பகுதிக்குத் தகரப் பேணிகளும் போத்தல்களும் கொண்டுபோகத் தடை உண்டு. கருங்கரடிகள் உலவும் காட்டுக்குக் கருவாட்டைக் கொண்டுபோகும் யோசனையையும் கைவிடுவது நல்லது.

செய்முறைப் பரீட்சையை நீர் வெதுவெதுப்பாக உள்ள ஆகஸ்ட்டில் வைத்துக்கொண்டு, கடிக்கும் ஈக்களும் நுளம்பும் அடங்கிய செப்டம்பரில் முதற்பயணத்தைத் தொடங்கலாம். உட்பகுதி முகாமிடத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்ய முடியும் என்பதால், ஏப்ரலிலேயே திகதியைத் தீர்மானித்துவிடுங்கள்.