ரவைத் தட்டில் ம

அக்டோபர் 2, 2025, வியாழன்

விஜயதசமி. அப்பத்தா தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பாப்பாவின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார்கள். பாதிச் சுழியிலேயே விரலை உருவிக்கொண்டாள். “அம்மா வந்து பிடிக்கட்டும்.”

ஆஸ்பத்திரியில் இருக்கும் பாப்பாவின் அம்மாவுக்கு 30 வாரம் முடிந்தது. பனிக்குட நீர் அளவு 7.

அக்டோபர் 3, வெள்ளி

லீவுக்கு வீட்டுப்பாடம்: ‘அ’ நான்கு பக்கம். முதல் வரியிலேயே பென்சில் முனை உடைந்தது, பிறகு பாப்பாவும் உடைந்தாள்.

இத்தனை வருடமாக எழுதுகிறேன், ‘அ’வில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன். ஒரு சுழி, அதிலிருந்து பெரிய வளைவு, அடியில் ஒரு நீட்டல், கடைசியில் நேர்க்கோடு. சட்டைப் பொத்தானையே இன்னும் தானாகப் போடத் தெரியாத விரல்கள் அவளுடையவை. வரிசையில் முதலில் இருப்பதாலேயே கையும் அதில்தான் தொடங்க வேண்டுமா? ‘ட’ எவ்வளவு எளிது! கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அதை மேலே ஏற்றினால் ‘ப’. ஏற்றியதை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ‘ம’. மூன்றுக்கும் ஒரே கோடுதான், கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. ‘ம’ வந்துவிட்டால் ‘அம்மா’வில் முக்கால்வாசி வந்துவிடும்.

நோட்டை மூடி வைத்துவிட்டேன். மிஸ்ஸிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்டோபர் 4, சனி

வறுத்த ரவை, எவர்சில்வர் தட்டு. தப்பாகப் போனால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அழிந்துவிடும். ரப்பரால் அழிக்கும்போது தாள் கிழிந்து அவள் முகம் வாடுமே, அது இதில் இல்லை. முப்பது தடவையாவது ‘ட’ போட்டிருப்பாள். ‘ப’வை அவளே கண்டுபிடித்தாள். “அப்பா, இது டம்ளர்!”

சாயங்காலம் மொட்டைமாடியில் பெயிண்ட் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும். சுடு தரையில் எழுதி முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. காய்வதற்குள் அடுத்ததைப் போட ஓடுகிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அழுதாள். எழுத்து ஒன்றும் இல்லை இன்று.

அக்டோபர் 7, செவ்வாய்

அளவு 6.

ஐந்தரையைத்தான் ஆறு என்கிறார்களா? கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

அப்பத்தா “மானா எழுதுடி” என்றார்கள். கொம்பு வைத்து ஒரு மான் வரைந்துகொண்டு வந்தாள். அவள் மேல் தப்பே இல்லை. ஆனா, ஆவன்னா, மானா எல்லாம் எழுத்தின் பெயர்கள். அதன் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் சத்தத்தைப் பிடித்தோம். உதட்டை மூடி ‘ம்ம்ம்’. நடுவில் மூக்கைப் பொத்தினால் சட்டென்று நின்றுபோகிறது. மெல்லினம் மூக்கில் பிறக்கிறது என்று படித்துத் தேர்வெழுதியிருக்கிறேன், பொத்திப் பார்த்ததில்லை. அவள் என் மூக்கைப் பொத்தினாள், அப்பத்தா மூக்கைப் பொத்தினாள். ‘ட்’டுக்குப் பொத்தினால் ஒன்றும் ஆகவில்லை. “ட்-க்கு மூக்கு இல்ல” என்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம்!

அம்மாச்சியிடம் போனில் சொன்னேன். பாப்பாவின் அம்மாவும் வார்டில் மூக்கைப் பொத்திப் பார்த்தாளாம்.

அக்டோபர் 10, வெள்ளி

பஸ்ஸில் ‘ம’ தேடும் விளையாட்டு. மதுரையில் அதற்குப் பஞ்சமா? மாட்டுத்தாவணி, மாசி வீதி, மீனாட்சி, மல்லிகை. பஸ் முகப்பில் ‘மகளிர்’. ‘மாட்டு’வைப் பார்த்ததும் “ம-க்குக் கால் மொளச்சிருச்சு” என்றாள். துணைக்கால் என்ற பெயரை நான் சொல்லவே இல்லை.

247 எழுத்து என்று சுவரில் அட்டை தொங்குகிறது. பார்த்தால் பெரியவர்களுக்கே மலைப்பு வரும். அதில் 216 உயிர்மெய். கால், கொம்பு, சுழி என்று சேர்ந்து சேர்ந்து வருபவைதான் பெரும்பாலும். ஒரு ‘ம’வை நன்றாகத் தெரிந்துகொண்டவளுக்குக் கால் முளைத்ததும் தெரிந்துவிடுகிறதே.

ஆஸ்பத்திரி வாசலில் ‘மருத்துவமனை’. “ரெண்டு ம!” என்று கத்தினாள். சின்னப் பிள்ளைகளை மேலே விடுவதில்லை. போர்டுக்குக் கீழேயே நின்றோம்.

அக்டோபர் 11, சனி

தூக்கம் வரவில்லை, இருவருக்கும். முதுகில் விரலால் எழுதிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கீழே, பக்கத்தில், மேலே என்று விரல் வந்து ஒரு நொடி நின்றது. ‘ப’ என்று சொல்ல வாயெடுத்தேன். வளைந்து இறங்கியது.

அக்டோபர் 13, திங்கள்

நுரையீரலுக்கு ஊசி. 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் 4. அவளுக்கா குழந்தைக்கா என்று அப்பத்தா கேட்கிறார்கள். போடுவது அவளுக்கு, பலன் குழந்தைக்கு.

31 வாரம் 4 நாள். 31 வாரம் 4 நாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பத்தா பழைய எழுத்தில் ‘யானை’ எழுதிக் காட்டினார்கள். 1978-இல் மாற்றுவதற்கு முன் ‘னை’க்குத் தும்பிக்கை உண்டு. பாப்பா அதன் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். “யானைக்குத் தும்பிக்கைய ஏன் எடுத்தாங்க?” அப்பத்தா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் நான் தேவைப்படவில்லை.

அக்டோபர் 15, புதன்

பீரோக் கண்ணாடி. அவள் கழற்றி ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. நான் ஒன்றையும் தொடவில்லை.

பாப்பா ஸ்டூல் போட்டு ஏறி, சின்னப் பொட்டாகப் பார்த்து ஒன்றை உரித்தாள். தாளில் ஏற்கனவே கோணலாக ஒரு ‘ம’ இருந்தது. அதன் தலைமேல் ஒட்டி அழுத்தினாள். “இப்ப இது ‘ம்’.” பக்கத்தில் கால் வைத்து ‘மா’ போட்டாள். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, “அ நீ போடு” என்று பென்சிலை என் கையில் கொடுத்தாள். போட்டேன்.

தாள் சாயங்காலம் அம்மாச்சி கையில் போய்விட்டது. அளவு நாளை காலை.

அக்டோபர் 16, வியாழன்

4.50. அம்மாச்சி போன். பாப்பா தூங்குகிறாள். அப்பத்தாவை எழுப்பிவிட்டேன். வண்டிச் சாவி